வாய்க்கால் பக்கம் சாய்ந்த புகை

சோழநாட்டு மக்களைக் குழப்புவதற்கென்றே ஆண்டவன் ஒருவரைத் தனியாகச் செய்து அனுப்பினான் என்றால், அது எங்கள் சங்கிலி சார்தான். எந்த ஆண்டவன் என்று மட்டும் கேட்காதீர்கள். குழப்பமே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கார்த்திகை வந்தால் வாசல் முழுக்க அகல் ஏற்றுவார். நோன்பு மாதத்தில் பள்ளிவாசல் கஞ்சிக்குத் தூக்குவாளியோடு முதல் ஆளாக நிற்பார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் புறப்படுவார். ஆனால் உள்ளே போகமாட்டார். காம்பவுண்டுச் சுவரை வெளியே ஒரு சுற்று சுற்றிவிட்டு, "தென்மேற்கு மூலை கொஞ்சம் இழுத்திருக்கு தம்பி" என்று சொல்லிக்கொண்டே திரும்பிவிடுவார். பெயரை வைத்துக் கண்டுபிடிக்கலாமே என்பீர்கள். சம்பள நாளில் அவர் போடும் கையெழுத்து ஆற்றுப்பாசன வாய்க்கால் மாதிரி வளைந்து வளைந்து ஓடும். அதில் ஓர் எழுத்தும் கரையேறாது. அவர் சர்வேயர். நிலம் அளக்கும் இரும்புச் சங்கிலியை ஆள் வைத்துத் தூக்காமல் தானே தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் ஜலக் ஜலக்கென்று நடப்பார். ஆகவே சங்கிலி சார்.

நான் அதே ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த டைப்பிஸ்ட். நீடாமங்கலம் ரயிலடிக்குப் பின்னால் எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரு வாடகை வீடு. ஜன்னலைத் திறந்தால் வயல், மூடினால் கொசு.

ஆட்சி மாறி, ஊர்ச் சுவர்களெல்லாம் நிறம் மாறி, மேடைகளெல்லாம் அடுக்குமொழியில் முழங்கிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. நிலத்துக்கு உச்சவரம்பு, குத்தகைக்காரருக்குப் பாதுகாப்பு, குடியிருக்கிற மனை குடியிருப்பவருக்கே என்று சட்டத்தின் மேல் சட்டம். சட்டமெல்லாம் சென்னையிலிருந்து ரயிலேறி வந்தது. வரப்பு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. இங்கே ஒரு பக்கம் செங்கொடி, அங்கே ஒரு பக்கம் பண்ணை ஆட்கள், கூலிச் சண்டை, அறுப்புச் சண்டை, ஆஸ்பத்திரி, போலீஸ் வேன். இரண்டுக்கும் நடுவில், சங்கிலியோடு எங்கள் சார்.

இப்படிப்பட்ட மனிதர், ஆடியில் வெண்ணாற்றில் புதுத்தண்ணீர் வந்த அன்றைக்கே, கிறிஸ்துமஸ் மரத்துக்கு உருண்டை செய்ய உட்கார்ந்துவிடுவார்.

எதற்கு என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். வாடகைக்கு விட்ட வீட்டுக்காரம்மாவிடம், "ஃபியூஸ் போன பல்பைக் குப்பையில போட்டா மாடு மிதிச்சிடும்மா" என்பார். பெயிண்ட் கடை பாயிடம், "ஒரு நேர்த்திக்கடன் பாய்" என்பார். யாருக்கு நேர்ந்தது என்று பாயும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. என்னிடம், "நாள் பூரா கோடு நேரா போடறேன்ல தம்பி, கை விறைச்சுப் போவுது. உருண்டை மேல கோடு நேரா போகாது பாருங்க, அது கைக்கு நல்லது" என்றார். மூன்றையும் நான் நம்பினேன். மூன்றையும் நம்பவில்லை.

உருண்டை என்றேனே, எல்லாம் செத்துப்போன பல்புகள்தான். எங்கள் பக்கத்தில் அதற்குப் பஞ்சமே கிடையாது. பம்ப்செட் போட்டால் ஊர் பல்பெல்லாம் கண் சொருகும். நிறுத்தினால் ஒரேயடியாக முழித்து, 'டப்'பென்று உயிரை விடும். சார் ஒரு கல்யாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளையைப் பார்க்கமாட்டார், பந்தியைப் பார்க்கமாட்டார், மோட்டுவளையைத்தான் பார்ப்பார். "இது எப்ப போகும்?" என்று கேட்பார். கல்யாணத்துக்கு வந்த இடத்தில் இந்தக் கேள்வியை யார் தாங்குவார்கள்? "சார், பெரியவங்க எல்லாம் உக்காந்திருக்காங்க, கொஞ்சம் மெதுவா கேளுங்க" என்று நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறேன்.

கண்ணாடியில் பெயிண்ட் நிற்காது, வழுக்கும். அதனால் முதலில் சாம்பல் போட்டுத் தேய்ப்பார். பித்தளைத் தலையைப் புளி போட்டு விளக்குவார். பிறகு டர்பன்டைனில் துடைத்து, எங்கள் இட்லித் தட்டின் குழிகளில் ஒவ்வொன்றாக உட்கார்த்தி வெயிலில் வைப்பார். பல்புக்கென்றே வார்த்த குழி மாதிரி அவ்வளவு பொருத்தம். நாங்கள் சாப்பிட்ட இட்லி எல்லாம் டர்பன்டைன் வாசனை. ஊரிலிருந்து வந்த என் அண்ணன் ஒரு விள்ளலை வாயில் போட்டுவிட்டு, "மாவு புளிச்சிருக்கா, பெயிண்ட் அடிச்சிருக்கா?" என்று கேட்டுவிட்டு அடுத்த ரயிலுக்கே கிளம்பினான்.

காய்ந்ததும் சுண்ணாம்புப் பொடியும் வச்சிரப் பசையும் கலந்து வெள்ளையாக ஒரு பூச்சு. அதன் பிறகுதான் வர்ணம். இந்த இடத்தை மட்டும் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள், பின்னால் ஒரு குடும்பத்தின் தலையெழுத்தே இதில் மாட்டப்போகிறது. கையில் ஒட்டாமலிருக்க, பல்பின் பித்தளைத் தலையை ஒரு மருந்து பாட்டில் வாயில் செருகி நிறுத்திவிடுவார். ஆக, பல்பு தலைகீழாக நிற்கும். மரத்தில் தொங்கும்போது நேராகத் தெரிய வேண்டுமே என்று சாரும் எல்லாவற்றையும் தலைகீழாக வரைவார். வானம் கீழே, வரப்பு மேலே. இடையிடையே சரிபார்க்க அவரே குனிந்து, கால்களுக்கு நடுவே தலையை விட்டுப் பார்ப்பார். அந்தக் கோலத்தில் அவரைப் பார்த்த தபால்காரர் எங்கள் வீட்டுக் கடிதங்களை அதற்குப் பிறகு வாசலிலேயே போட்டுவிட்டு ஓடினார்.

முதல் வருஷம் வெறும் நிறம்தான் பூசினார். கடலோரத்திலிருந்து பஸ் கூரையில் ஒரு சவுக்கு மரத்துக் கொப்பு வந்தது. மண்ணெண்ணெய் டின்னில் ஆற்றுமணல் நிரப்பி அதை நட்டு, ஜன்னலோரம் வைத்து, பல்புகளைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டார்.

சிவப்பு உருண்டையைத் தெருவிலிருந்து பார்த்த செங்கொடிச் சங்கத் தோழர் ஒருவர் விடுவிடுவென்று உள்ளே வந்து சாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அரசாங்க உத்தியோகத்துல இருந்துக்கிட்டு இந்தத் துணிச்சல் யாருக்கு வரும்!" சார் பயந்துபோய்ச் சிவப்பைக் கழற்றிவிட்டுப் பச்சையை மாட்டினார். பிறைக்கொடிக்காரர்கள் பிரியாணிக்கு அழைத்தார்கள். போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து பச்சையையும் கழற்றினார். கறுப்பில் ஒரு பல்பு காயும்போது பக்கத்துச் சிவப்பு அதில் பட்டுத் தொலைத்துவிட்டது, மறுநாள் வட்டச் செயலாளர் துண்டோடு வந்து, "இத்தனை நாளா வெளிக்காட்டிக்காம இருந்திட்டீங்களே சார்!" என்று கழுத்தில் போட்டுவிட்டுப் போனார். மிஞ்சியது மஞ்சள். அதைப் பார்த்து வீட்டுக்காரம்மா, "வீட்டுல யாருக்கு மஞ்சக்காமாலை?" என்றார்.

சார் சவுக்குக் கொப்பின் அடியில் உட்கார்ந்து நெடுநேரம் யோசித்தார்.

"தம்பி, கட்சியே இல்லாததா ஒண்ணு வரையணும்."

"பூ வரையுங்க சார்."

"தாமரை, அல்லி, எதை வரைஞ்சாலும் எவனாவது சின்னம்னு வருவான்." திடீரென்று முகம் மலர்ந்தது. "வயல்! வயலு எந்தக் கட்சி தம்பி?"

கீழத் தஞ்சையில், அந்த வருஷங்களில், வயலுக்குக் கட்சி கிடையாது என்று நினைத்த ஒரே மனிதர் அவர்தான். அவர்தான் சர்வேயரும்.

ஆனால் வரைந்தாரே, அதைச் சொல்ல வேண்டும். ஒரு பல்புக்கு ஓர் ஊர். அளந்த ஊர்களெல்லாம் அவருக்குக் கண்ணுக்குள்ளேயே இருந்தன. அணில்முடி பிரஷ்ஷால் நாற்றங்காலின் பச்சையை ஒரு மாதிரியும், நட்ட வயலின் பச்சையை ஒரு மாதிரியும், பால் பிடித்த கதிரின் பச்சையை இன்னொரு மாதிரியும் வைப்பார். மயிரிழை மயிரிழையாக வரப்புகள். வாய்க்கால் ஒன்று ஒரு வரப்போரம் புறப்பட்டு, உருண்டையைச் சுற்றி வந்து, எங்கே முடிகிறது என்று தேடினால் புறப்பட்ட இடத்துக்கே வந்திருக்கும். தண்ணீர் தன்னையே தேடி ஓடுவது போல. ஊர் உருண்டையாகிவிட்டால் கடைமடை என்று ஒன்று இல்லை. எல்லோருக்கும் தண்ணீர் வந்துவிடும். இதை நான் அவரிடம் உருக்கமாகச் சொன்னேன். "அப்படியா? பல்பு உருண்டையா இருக்கு தம்பி, நான் என்ன பண்ணட்டும்" என்றார்.

பெயிண்ட் கடை பாய் ஒருநாள் பாக்கி வர்ணத்தைக் கொடுக்க வந்தவர், மரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார்.

"சார், இது எங்க ஊரு வாய்க்கால்ல?"

"ஆமா பாய்."

"இது எங்க மச்சான் குத்தகைக்கு விட்ட நிலம். இந்த இடத்துல மதகு இருக்கணுமே. எங்க மதகு?"

"பாய், இது சும்மா, மரத்துல தொங்கவிட..."

"சும்மாவா? சும்மான்னு வீட்டுல மதகை விட்டுட்டீங்கன்னா நாளைக்கு ஆபீஸ்லயும் விட்டுடுவீங்க!"

சார் மதகை வரைந்து கொடுத்த பிறகுதான் பாய் காபி குடித்தார். கடைக்குத் திரும்பிப் போய், வந்தவன் போனவனிடமெல்லாம் சொன்னார். செய்தி ஊர் ஊராகப் போகும்போது கொஞ்சம் வளர்ந்து, இப்படியாகிவிட்டது: ஆபீஸில் இருப்பது ஊரை ஏமாற்றுகிற அளவு, நிஜ அளவை சர்வேயர் வீட்டில் பல்பில் எழுதி வைத்திருக்கிறார்.

வர ஆரம்பித்தார்கள். கீழ்வேளூர்ப் பக்கத்திலிருந்தெல்லாம் பஸ் ஏறி வந்தார்கள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, ஏதோ சன்னதி மாதிரி மரத்தின் முன்னால் நின்று, தங்கள் ஊரைத் தேடிப்பிடித்து, தங்கள் வயலைத் தேடிப்பிடித்து, உடனே சண்டையை ஆரம்பிப்பார்கள். "வாய்க்கால் இங்க ஏன் சார் வளைஞ்சு போவுது? எங்க கொல்லை பாதி போச்சே!" என்பார் ஒருவர். "அங்க வளைஞ்சாத்தாங்க பார்வைக்கு நல்லா இருக்கு" என்பார் சார். "பார்வைக்கு நல்லா இருக்குன்னு என் கொல்லையை எடுத்துக்குவீங்களா?" சார் உடனே வாய்க்காலை நிமிர்த்துவார். மறுநாள் எதிர்க்கொல்லைக்காரர் வந்து நிற்பார். உங்கள் ஊர்ப் பல்பு அல்ல, வெறும் பல்பு என்று நான் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லிப் பார்த்தேன். ஒரு பெரியவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "தம்பிக்கு வேலை புதுசு போல" என்றார்.

இந்த இடத்தில்தான் காத்தாயி வருகிறாள்.

நீடாமங்கலத்தை ஒட்டிய ஒரு கிராமத்தில், பண்ணைக்குச் சொந்தமான களத்து மூலையில், அவளுடைய குடிசை. மாமியார் காலத்திலிருந்தே அங்கேதான். குடியிருக்கிற மனை குடியிருப்பவருக்கே என்று புதுச்சட்டம் வந்ததும் மனுப் போட்டுவிட்டாள். பண்ணையார் மெட்ராஸில் இருந்தார். இங்கே எல்லாம் அவருடைய காரியஸ்தர்தான். அவர் சொன்னார், அது குடிசையே அல்ல, பண்ணையின் வைக்கோல் கொட்டகை, அங்கே யாரும் குடியிருக்கவில்லை என்று. குடிசை என்றால் மனை காத்தாயிக்கு. கொட்டகை என்றால் காத்தாயி நடுத்தெருவில். வரைபடத்தில் அந்த ஒரு சொல்லை எழுத வேண்டியவர் சங்கிலி சார்.

சார் அளக்கப் போன அன்றைக்குக் காரியஸ்தர் காத்தாயியைத் தூரத்து வயலுக்குக் களையெடுக்க அனுப்பிவிட்டார். சட்டி பானை எதையும் காணோம். உள்ளே நிறைய வைக்கோலும் ஒரு கன்றுக்குட்டியும். அந்த இடத்துக்குப் புதிது என்பதால் கன்றுக்குட்டியே குழம்பிப்போய் நின்றதாக சார் சொன்னார்.

"நீளம் அகலம் எல்லாம் எடுத்துட்டேன் தம்பி. ஆனா அது வீடா கொட்டாயான்னு சங்கிலிக்குத் தெரியாது பாருங்க." அந்த ஒரு சொல்லை எழுதாமலே வரைபடம் அவர் மேஜையில் கிடந்தது.

கிடந்த நாட்களில், அந்த ஊரையும் அவர் பல்பில் ஏற்றிவிட்டார்.

கார்த்திகை மாத மழை நின்ற ஒரு காலை. பாய்தான் முதலில் பார்த்தார். பச்சை வயல், வடக்கே வாய்க்கால், தெற்கே களம், நடுவில் ஈர்க்குச்சி முனையளவு ஒரு கூரை. கூரையிலிருந்து, வெள்ளையாக, மெல்லியதாக, வாய்க்கால் பக்கம் சாய்ந்தபடி ஒரு புகை.

"அடுப்பு எரியுது!" என்றார் பாய்.

சாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பல்பை வாங்கிப் பார்த்தார். "புகை இல்ல பாய். கூரை மேல ஒரு கொக்கு வரையலாம்னு வெள்ளை வச்சேன், அது வழிஞ்சிருக்கு." உண்மைதான், அப்படி நடக்கக்கூடியதுதான். பாட்டிலில் பல்பு தலைகீழாக நிற்கிறது. வழிகிற வெள்ளை பித்தளைத் தலையை நோக்கிக் கீழே இறங்கும். மரத்தில் மாட்டிவிட்டால் அதுவே வானத்தை நோக்கி மேலே போகும். இதைப் பாய்க்கு நான் படம் போட்டு விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதாவது, அடுப்பு எரியுது" என்றார்.

அன்று மத்தியானமே காத்தாயி வந்துவிட்டாள், களையெடுத்த சேற்றுக் காலோடு, சேரிப் பெண்கள் நாலைந்து பேரோடு. மரத்துக்குப் பக்கத்தில் போகாமல் தள்ளி நின்றே பார்த்தாள். பிறகு ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள்.

"எம் புகைதான் சார். ஈரச் சுள்ளியை வச்சா இப்புடித்தான் இளுத்துக்கிட்டுப் போவும்."

"அம்மா, அது பெயிண்ட் வழிஞ்சது."

"இருக்கட்டும் சார்."

"நெஜமாவே வழிஞ்சதும்மா!"

"வழிஞ்சதாவே இருக்கட்டும் சார். தொடைச்சிராதீங்க. அதைத் தொடைச்சிட்டீங்கன்னா நான் எங்கிட்டுப் போயி அடுப்பு மூட்டுவேன்?"

அவள் பின்னாலேயே சைக்கிள் மணி. குடையும் சந்தனப் பொட்டுமாகக் காரியஸ்தர்.

"சர்வேயர் சார், என்ன இது, அரசாங்க உத்தியோகஸ்தர் இப்படிப் பண்ணலாமா? வைக்கோல் கொட்டாய்க்குப் புகை வச்சிருக்கீங்களாமே!"

"புகை இல்லீங்க, வழிஞ்சது."

"நான் சொல்றேன், அது மேகம்."

"மேகம் கூரையிலேருந்தா கெளம்பும்?" என்றாள் காத்தாயி.

"நீ சும்மா இரு! மேகம் எங்க வேணும்னாலும் கெளம்பும்!"

செத்துப்போன ஒரு பல்பைச் சுற்றி நின்றுகொண்டு வளர்ந்த மனிதர்கள் புகையா மேகமா என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். நடுவில் சார், "கொக்கு, கொக்கு" என்று முனகிக்கொண்டிருந்தார். கடைசியில் காரியஸ்தர் குரலைத் தாழ்த்தி அவரை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"கூரை இருந்துட்டுப் போவட்டும் சார். அந்தப் புகையை மட்டும் அழிச்சிடுங்க. உங்களுக்குப் பல்புன்னா உசுருன்னாங்க. புத்தம்புதுப் பல்பு ஒரு பெட்டி அனுப்பி வைக்கிறேன்."

சார் திகைத்துப்போனார். "புதுப் பல்பா? அதை வச்சு என்னங்க பண்றது? எரியுமே!"

லஞ்சத்தை இப்படி ஒருவர் மறுத்துக் காரியஸ்தர் பார்த்ததில்லை. முகம் சிவந்துவிட்டது. "அப்ப வேதாரண்யத்துல உப்பளம் அளக்கத் தயாரா இருங்க" என்று குடையை விரித்தார். வீட்டுக்குள்ளேயே விரித்தார்.

அன்று சாயங்காலம் சார் டர்பன்டைன் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பல்பின் எதிரில் உட்கார்ந்தார். துணியைக் கிட்டே கொண்டுபோவார், எடுத்துவிடுவார். ஜன்னலுக்கு வெளியே சம்பாப் பயிர் இருட்டிக்கொண்டே வந்தது. எங்கேயோ யாரோ அடுப்பு மூட்டிய வாசனை காற்றில் வந்து போனது.

"இல்லாததைச் சேக்கறவன் சர்வேயரே இல்ல தம்பி. இருக்கறதை எடுக்கறவனும் சர்வேயர் இல்ல. இது இருக்கறதா இல்லாததான்னே எனக்குப் புரியலையே."

கடைசியில் அதைத் துடைக்காமல், மரத்தின் பின்பக்கம், சுவரைப் பார்க்கிற மாதிரி மாட்டினார். அப்புறம் எழுந்து போய்ச் சுவருக்கும் மரத்துக்கும் நடுவில் தலையை விட்டு ஒரு தரம் பார்த்துவிட்டு வந்தார்.

மார்கழி பிறந்ததும் காரியஸ்தரின் புகார் ஆபீஸுக்கு வந்தது. நான்தான் அதைப் பிரதி எடுத்தேன். "மேற்படி சர்வேயர், மேற்படி கொட்டகைக்கு, மேற்படி பல்பில், மேற்படி புகையை மேற்படி காத்தாயிக்குச் சாதகமாக ஏற்படுத்தியிருப்பதால், மேற்படி பல்பை மேலதிகாரி அவர்கள் நேரில் வரவழைத்துப் பார்வையிட வேணுமாய்..." தட்டச்சு இயந்திரமே ஒருமுறை சிக்கிக்கொண்டது.

புதிதாக வந்திருந்த அதிகாரி கண்டிப்பானவர், வெளியூர்க்காரர். எங்கள் பக்கத்துக் குழப்பம் அவருக்குப் பழக்கமில்லை. பல்போடு களத்துக்கே வரும்படி சாருக்கு உத்தரவு போட்டார். சார் பல்பை வைக்கோலில் பொதிந்து, தூக்குவாளியில் வைத்து எடுத்துக்கொண்டார். நானும் போனேன். காத்தாயி களத்தோரம் நின்றிருந்தாள். அன்றைக்கும் பண்ணை ஆட்கள் விடியுமுன்பே குடிசைக்குள் வைக்கோலைத் திணித்து, அதே கன்றுக்குட்டியைக் கட்டியிருந்தார்கள். ஆனால் இப்போது அது பழகிப்போய்ப் படுத்திருந்தது. பார்க்கப் பார்க்கக் கொட்டகையாகவே தெரிந்தது.

அதிகாரி பல்பைக் கையில் வாங்கினார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கிறிஸ்துமஸ் உருண்டையை விசாரிக்கிறோம் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. தலைகீழாகப் பிடித்திருந்தார். சார் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

"இது என்ன?"

"கொக்குங்க அய்யா. வழிஞ்சிருச்சு."

"புகைதான் சாமி" என்றாள் காத்தாயி. "நெதம் பொங்கித் திங்கிற அடுப்பு."

"இங்க அடுப்பே கிடையாதுங்க அய்யா!" என்றார் காரியஸ்தர். "நல்லாப் பாருங்க, உள்ள வைக்கோலும் கன்னுக்குட்டியுந்தான்."

அதிகாரி உள்ளே எட்டிப் பார்த்தார். வெளியே வந்தார். பல்பை உயரத் தூக்கி, எதிரே தெரிந்த வயலோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆரம்பித்தார். வாய்க்கால் சரி. களம் சரி. பனைமரம் சரி. வரப்பு ஒவ்வொன்றும் சரி. ஆச்சரியத்தில் அவருடைய கண்டிப்பு கொஞ்சம் இளகியது. "அட, எல்லாம் அப்படியே இருக்கே! இவ்வளவு சரியாப் போட்டவர் புகையை மட்டும் தப்பாவா போட்டிருப்பார்?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

காரியஸ்தருக்கு அது பொறுக்கவில்லை. எங்கள் சீமைக்காரனுக்குக் கூலியை விட்டுக்கொடுக்க வராது, குத்தகையை விட்டுக்கொடுக்க வராது. தன் ஊரைப் பற்றி ஒரு தப்பான தகவலை விட்டுக்கொடுக்க உயிரே போனாலும் வராது.

"சரியா? எதுங்க அய்யா சரி? பல்பை நல்லாப் பாருங்க, புகை வாய்க்கால் பக்கம் சாஞ்சிருக்கு! மார்கழியில வாடை வடக்கேருந்து வீசுது, புகை வாய்க்காலுக்கா போவும்? களத்துப் பக்கந்தான் வரும்! பண்ணை வீட்டு மாடியிலேருந்து தெனம் காலம்பற பாக்குறேன், இவ அடுப்பு மூட்டினா புகை நேரா தெக்க வந்து எங்க காய வச்ச நெல்லு மேலதான் எறங்குது! இதுல வடக்க போட்டிருக்காரு. இவரெல்லாம் ஒரு சர்வேயரா?"

வயலில் ஒரு கொக்கு எழுந்து பறந்தது. நிஜக் கொக்கு.

அதிகாரி மெதுவாகப் பேனாவைத் திறந்தார். "தினமும் காலையிலயா?"

"தெனம்..." என்று ஆரம்பித்த காரியஸ்தர் வாயைத் திறந்தபடியே நின்றார். அதை மூட அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

காத்தாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. கன்றுக்குட்டியை அவிழ்த்து வெளியே ஓட்டினாள். வைக்கோலை வாரி வாரி வெளியே எறிந்தாள். அடியில் மூன்று கற்கள், கரி படிந்து, அப்படியே இருந்தன. அதிகாரி வரைபடத்தை நீட்ட, சார் அந்த ஒரு சொல்லை எழுதினார். குடிசை. அவர் எழுத்து புரிகிற மாதிரி இருந்தது அன்று ஒருநாள்தான்.

ஊரே சாரைக் கொண்டாடியது. சார் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை. வீட்டுக்கு வந்ததும் பல்பை பாட்டிலில் செருகிவிட்டு டர்பன்டைனைத் திறந்தார்.

"ஐயோ சார், என்ன பண்றீங்க?"

"காரியஸ்தர் சொன்னது நியாயந்தான தம்பி. வாடைக் காத்துல புகை தெக்கதான் சாயும். நான் கவனிக்கல, அசிங்கமாப் போச்சு."

பழைய புகையைத் துடைத்துவிட்டு, ஒற்றை முடி பிரஷ்ஷால், மூச்சை அடக்கி, களத்துப் பக்கம் சாய்ந்த ஒரு புகையைத் தலைகீழாக வரைந்தார். கிறிஸ்துமஸ் அன்று அந்தப் பல்பு மரத்தின் முன்பக்கம் தொங்கியது. வந்தவர்களுக்கெல்லாம் பாயசம். பாய் வந்தார், வீட்டுக்காரம்மா வந்தார், காத்தாயி இந்தத் தடவை மரத்துக்குக் கிட்டேயே வந்து மூக்கு இடிக்கப் பார்த்தாள். பாயசத்தில் டர்பன்டைன் வாசனை இருந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை.

காரியஸ்தர் ஒரு விஷயத்தில் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். தை பிறப்பதற்குள் சாருக்கு உப்பளத்துக்கு மாற்றல் வந்துவிட்டது. அறுத்த வயலிலிருந்து எடுத்த புதுவைக்கோலில் பல்புகளைப் பொதிந்து, டிரங்குப் பெட்டியில் அடுக்கி, சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு ரயிலுக்கு நின்றார். இத்தனை நாள் கேட்காமலிருந்ததைக் கேட்டேன். மற்ற பல்பு ஒன்றில்கூட ஒரு சொட்டு வழிந்து நான் பார்த்ததில்லையே.

"சார், அன்னைக்கு நெஜமாவே வழிஞ்சதா?"

"பாட்டில் சாஞ்சிருந்துச்சு தம்பி."

"யாரு சாய்ச்சா?"

"நம்ம வீட்டுத் தரையே மட்டமில்லையே. நான் அளந்து பாத்திருக்கேன்."

வீட்டுக்கு வந்து தரையில் ஒரு கோலிக்குண்டை வைத்துப் பார்த்தேன். உருளவில்லை. பிறகு கொஞ்சம் உருண்டது மாதிரி இருந்தது. எந்தப் பக்கம் என்று இன்றைக்கும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

சில வருஷம் கழித்து, குடிசைகளுக்கெல்லாம் ஆளுக்கொரு விளக்கு என்று சர்க்கார் மின்சாரம் கொடுத்தது. அதற்கும் பின்னால் ஒருநாள், காத்தாயி ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். முந்தானையில் எதையோ முட்டையைப் போல முடிந்து வைத்திருந்தாள்.

"சங்கிலி சார் இல்லீங்களா? எங்கூட்டு பல்பு செத்துப்போச்சு. அவருக்குன்னு எடுத்தாந்தேன்."

அவர் எங்கே இருக்கிறார் என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை. உப்பளத்திலிருந்தும் எங்கேயோ மாற்றிவிட்டார்களாம். நானே வாங்கிக்கொண்டேன். எத்தனையோ வீடு மாறியாகிவிட்டது. எல்லா வீட்டிலும் அது எங்கள் இட்லித் தட்டின் ஒரு குழியில் உட்கார்ந்திருக்கிறது. எடுத்து வரைந்துவிடலாம் என்று எத்தனையோ மார்கழி நினைத்திருக்கிறேன். கரண்ட் வந்த வீட்டுக்குப் புகை எந்தப் பக்கம் சாயும் என்று அவரைக் கேட்காமல் நான் எப்படி பிரஷ்ஷைத் தொடுவது?